ஏட்டுச் சுரைக்காயும் சதுரங்கமும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஏடுகளையே வாழ்வாகக் கொண்டவர்களைக் குத்திக் காட்டுவதற்கென்றே யாரோ ஒருவர் இதனைச் சொல்லி வைத்தார் போலும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் கிதாபுகளை ஓதிக் கொடுத்துவரும் நமக்கு இப்பழமொழி ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. எவரேனும் இதைச் சொன்னால், "கறிக்கு உதவாதது ஏட்டின் குற்றமா, சமைப்பவரின் குற்றமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவது நம் வழக்கம். அந்தக் கேள்விக்கு நாமே விடை தேட வேண்டிய நிலை ஐம்பத்து நான்காம் வயதில், அதுவும் ஒரு சதுரங்கப் பலகையின் முன்னே, வந்து சேரும் என்று எண்ணியதில்லை.

2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18ஆம் வயதில் உலக வாகையர் பட்டம் வென்றபோது நம் தெருவிலும் பல வீடுகளில் சதுரங்கப் பலகைகள் முளைத்தன. நம் இல்லத்திற்கு ஒன்றைக் கொண்டுவந்தவர் கல்லூரியில் பயிலும் நம் மருமகன். பலகையோடு ஓர் ஆங்கில நூலையும் வைத்துச் சென்றார். கியூபா நாட்டின் கபாபிளாங்கா, தாம் உலக வாகையரான 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட அடிப்படை நூல் அது. நமக்கு ஆங்கிலம் தட்டித் தடவித்தான் வரும். ஆயினும் படங்களுக்கும் கட்டங்களின் குறியீடுகளுக்கும் மொழி வேண்டுவதில்லை. விளங்காத இடங்களை விடுமுறை நாள்களில் வரும் மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கற்பிப்பவர் மாணவராக அமரும்போது உள்ளத்தில் எழும் கூச்சத்தைப் பட்டவர்களே அறிவர்.

இவ்விளையாட்டைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். ஹனஃபீ அறிஞர்கள் இதனை வெறுத்து விலக்கினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலோர், பந்தயம் இன்றியும் தொழுகை தவறாமலும் தீய பேச்சின்றியும் ஆடப்படுமாயின் அது ஹராம் அன்று, மக்ரூஹ் என்றார்கள். நாம் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஓர் ஆட்டம், அதற்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டிக்கொண்டோம். ஆடலாமா கூடாதா என்பது இன்று நம் ஆய்வுக்குரிய பொருளன்று. நூலில் கற்ற ஒன்று எப்போது கற்றவரின் சொந்தமாகிறது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

கபாபிளாங்காவின் நூல் தொடக்க நடைகளிலிருந்து தொடங்குவதில்லை. காய்கள் நிறைந்த பலகையை ஒதுக்கிவிட்டு, ஒரு யானையும் அரசனும் கொண்டு தனித்து நிற்கும் எதிரி அரசனை எவ்வாறு முடிப்பது என்பதிலிருந்து தொடங்குகிறது. எழுத்தறிவிக்குமுன் இலக்கணம் கற்பிக்காத நல்லாசிரியரின் முறை அது. பின்னர் விதிகள் வருகின்றன. காய்களை விரைந்து வெளிக்கொணர்க. நடுக்கட்டங்களை ஆள்க. அரசனைக் கோட்டைக்குள் சேர்த்துக் காத்திடுக. காய்களின் மதிப்பையும் மருமகன் கணக்கிட்டுச் சொன்னார்: சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் மும்மூன்று, யானை 5, ராணி 9. மனனத்திலே வளர்ந்தவர் நாம். இரண்டே மாதங்களில் விதிகள் அனைத்தும் நாவில் நின்றன. நம்மை அறியாமலேயே உள்ளத்தில் ஒரு செருக்கும் வந்து அமர்ந்தது.

அச்செருக்கை உடைத்தவன் பக்கத்து வீட்டுச் சிறுவன். ஒன்பதாம் வகுப்பு மாணவன். சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூலையும் தொட்டவனல்லன். நண்பர்களோடு ஆடி ஆடியே பழகியவன். அவனோடு ஆடிய பதினோர் ஆட்டங்களில் பத்தில் தோற்றோம். முதலில் அவனுடைய நல்வாய்ப்பு என்றோம். பிறகு, நூறாண்டு பழைய நூல் இக்காலத்திற்குப் பொருந்தாது என்று நூலின் மேல் பழியைப் போட்டோம். தோற்றவருடைய உள்ளம் தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் விசாரிக்கும்!

எஞ்சிய பதினோராம் ஆட்டத்தைத்தான் இங்குச் சொல்ல வேண்டும். அதில் நம் கை ஓங்கியிருந்தது. காய்கள் எல்லாம் வெட்டுண்டபின், நமக்கு அரசனும் ஒரு சிப்பாயும், அவனுக்குத் தனி அரசன் மட்டும். சிப்பாய் எட்டாம் வரிசையை எட்டினால் ராணியாகிவிடும், வெற்றி நம்முடையது. இத்தகைய நிலையில் அரசனே முன்னே சென்று வழியைத் திறக்க வேண்டும், சிப்பாய் அவன் பின்னே வர வேண்டும் என்பது நூலில் நாம் படித்த பாடம். அதனை எவர் கேட்டிருந்தாலும் தடையின்றி ஒப்பித்திருப்போம். ஆயினும் ஆசை மிகுதியால் சிப்பாயை முன்னே ஓடவிட்டு அரசனைப் பின்னே நடத்தினோம். சிறுவனின் அரசன் சிப்பாயின் வழியை மறித்து நின்றான். நாம் தள்ளத் தள்ள அவன் பின்வாங்கினான். வழியை மட்டும் விடவில்லை. முடிவில் நம் சிப்பாய் ஏழாம் வரிசையில். அதைக் காக்க நம் அரசன் அதன் பின்னே ஆறாம் வரிசையில். எதிரி அரசன் சிப்பாய்க்கு நேர் முன்னே எட்டாம் வரிசையில். அவனுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. விதிப்படி ஆட்டம் சமம்.

"ஹஜ்ரத், உங்க ராஜா முன்னாடி போயிருந்தா நான் தோத்திருப்பேன்" என்றான் சிறுவன், அடக்கத்தோடுதான்.

அவன் படிக்காத பாடம் அவன் கையில் இருந்தது. நாம் படித்த பாடம் நம் நாவில் மட்டுமே இருந்தது. அன்று மஃரிப் தொழுது முடித்துப் பள்ளியின் தூணருகே அமர்ந்திருந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய ஒரு மாணவருடைய முகம் நினைவுக்கு வந்தது.

இப்னு மாலிக்குடைய அல்ஃபிய்யாவை, அரபு இலக்கணத்தை ஆயிரம் பாடல் அடிகளில் அடக்கிய அந்நூலை, பிழையின்றி மனனம் செய்திருந்தவர் அவர். ஒருநாள் வகுப்பில் ஒரு கிதாபை வாசிக்கச் சொன்னோம். நஸ்பு செய்ய வேண்டிய சொல்லை ரஃப்உ செய்து, செயப்படுபொருளை எழுவாயாக்கிப் படித்தார். விதியைக் கேட்டோம், உடனே அல்ஃபிய்யாவின் அடியைச் சொன்னார். மீண்டும் வாசிக்கச் சொன்னோம். மீண்டும் அதே பிழை. அப்போது மாணவர் அனைவருக்கும் முன்னால், "கிளிகூட இவ்வளவு மனனம் செய்யுமே!" என்றோம். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் ஓதுவதை நிறுத்திவிட்டு வெளியூரில் ஒரு கடையில் வேலைக்குச் சென்றுவிட்டார். நம் சொல்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. வீட்டின் வறுமையும் இருந்தது. எனினும் ஒன்று உறுதி. அவர் அன்று செய்த பிழையும் நாம் சிப்பாயைத் தள்ளிய பிழையும் ஒரே பிழை. நம்மை எவரும் கிளி என்று சொல்லவில்லை. ஒரு சிறுவன் காட்டிய மரியாதையைக்கூட நாம் ஒரு மாணவருக்குக் காட்டவில்லை.

இப்பிழையின் இயல்பை அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய தம் முகத்திமாவில் விரித்துரைத்திருக்கிறார். மொழியின் இலக்கண விதிகளை அறிவது வேறு, மொழியே ஒருவருக்கு இயல்பாக அமைவது வேறு என்பது அவர் கருத்து. அவ்வாறு அமைந்துவிட்ட திறனை அவர் 'மலகா' என்கிறார். ஒரு தையற்காரரின் வேலையைச் சொல்லால் முற்றும் விளக்கத் தெரிந்த ஒருவர், ஊசியைக் கையில் கொடுத்ததும் ஒரு தையலும் போடத் தெரியாமல் நிற்பதை அவர் உவமையாகக் காட்டுகிறார். திரும்பத் திரும்பச் செய்வதால் செயலின் சுவடு உள்ளத்தில் படிந்து ஊறுவதே மலகா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அல்முன்கிதில், உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவதற்கும் நலமாக இருப்பதற்கும் உள்ள தொலைவைச் சுட்டிக் காட்டுகிறார்கள். இவ்விரு நூல்களையும் நாம் மாணவர்களுக்கு விளக்கியதுண்டு. அந்த விளக்கமும் நம் நாவில் மட்டுமே இருந்தது என்பதைச் சதுரங்கப் பலகை சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியாயின் பழமொழி வென்றுவிட்டதா? ஏடு வீண்தானா? அவ்வளவு விரைவாகத் தீர்ப்பெழுதிவிடலாகாது.

ஏடு வேண்டாம் என்போர் மீர் சுல்தான் கானைச் சான்றாகக் காட்டக்கூடும். பஞ்சாபில் பிறந்த அவர் நம் நாட்டு முறைச் சதுரங்கத்திலேயே வளர்ந்தவர். சிப்பாய் முதல் நடையில் இரு கட்டம் தாண்டும் ஐரோப்பிய வழக்கம்கூட அம்முறையில் இல்லை. 1929இல் இங்கிலாந்து சென்ற அவர் அவ்வாண்டிலேயே பிரித்தானிய வாகையரானார். 1932இலும் 1933இலும் மீண்டும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபாபிளாங்காவையே வீழ்த்தினார். 2024இல், அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது. ஐரோப்பியர் நூல்களில் தொகுத்து வைத்திருந்த தொடக்க நடைகளில் வளராதவர் எட்டிய உயரம் இது. உண்மை. ஆனால் அதே வரலாற்றில் மற்றோர் உண்மையும் உண்டு. அத்தொடக்க நடைகளில்தான் அவர் இடர்ப்பட்டார். தொடக்கத்தில் இழந்ததை நடு ஆட்டத்திலும் இறுதியிலும் தம் அரிய திறனால் மீட்டார். அருட்கொடை பெற்றவருக்கே ஏடில்லாத இடத்தில் இடறல் நேர்ந்ததென்றால், நம் போன்ற எளியவர் ஏட்டைத் தள்ளிவிட்டு எங்கே செல்வது?

அரபு நாகரிகமும் நமக்குச் சான்றாகிறது. நம் மண்ணின் சதுரங்கம் பாரசீகம் வழியே அரபு நாடுகளுக்குச் சென்று ஷத்ரஞ்ச் ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீயும் பத்தாம் நூற்றாண்டில் அஸ்ஸூலியும் இவ்விளையாட்டைப் பற்றித் தனி நூல்களே எழுதினார்கள். அஸ்ஸூலி, கலீஃபா அல்முக்தஃபியின் அவையில் அங்கிருந்த பெயர்பெற்ற ஆட்டக்காரரை வென்றவர். இலக்கிய வரலாறும் எழுதிய பேரறிஞர். ஆட்டத்தின் தொடக்கத்தில் படைகளை நிறுத்தும் அமைப்பை அவர்கள் 'தஃபியா' என்றார்கள். படையை அணிவகுத்தல் என்பது அதன் பொருள். அச்சொல் இன்றும் உலக ஆட்டக்காரர்களின் நாவில் 'தபியா' என்று வழங்குகிறது. அவர்கள் கையால் ஆடியதோடு நிற்காமல் ஏட்டிலும் எழுதி வைத்தார்கள். ஏன்? ஒருவருடைய மலகா அவரோடு மண்ணுக்குள் போய்விடும். மற்றவருக்குக் கொடுக்கக்கூடியது சொல் ஒன்றுதான்.

ஏடு கொடுப்பது எது என்பதைப் பக்கத்து வீட்டுச் சிறுவனிடமே கண்டோம். அரசன் முன்னே செல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. ஒருநாள் பலகையில் ஒரு நிலையை அமைத்தோம். நம் அரசன் ஐந்தாம் வரிசையில், சிப்பாய் அவனுக்கு நேர் பின்னே நான்காம் வரிசையில், எதிரி அரசன் ஒரு கட்டம் இடைவெளி விட்டு ஏழாம் வரிசையில், எல்லாம் நடுப்பத்தி ஒன்றிலேயே. "யார் வெல்வார்?" என்று கேட்டோம். "நீங்கதான்" என்றான். "இப்போது நகர வேண்டியது யார்?" என்று கேட்டோம். விழித்தான். எதிரியின் முறையாயின் அவன் வழிவிட்டே ஆக வேண்டும், நாம் வெல்வோம். நம்முடைய முறையாயின் நாம் விலக வேண்டும், ஆட்டம் சமம். காய்கள் அதே இடங்களில். முறை மட்டுமே வேறு. சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் பின்னே, மூன்றாம் வரிசையில் நின்றிருந்தால், அதை ஒரு கட்டம் நகர்த்தி முறையை எதிரியின் தலையில் கட்டிவிடலாம். அவசரப்படாமல் சேமித்து வைத்த அந்த ஒரு நடை ஆட்டத்தையே வெல்லும். பொறுமைக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கிறதென்று அதுவரை நாமும் உணர்ந்ததில்லை. சிறுவன் பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது அந்தப் புத்தகத்துல இருக்கா, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

ஆகவே, கை அறிந்ததற்குப் பெயரும் காரணமும் கொடுப்பது ஏடு. ஏடு அறிந்ததற்கு உயிர் கொடுப்பது கை. தோற்றபின் நாம் அந்த அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்பு படித்த அதே வரிகள்தாம். ஆனால் அவை இப்போது நம்மைப் பற்றி எழுதப்பட்டவை போல் இருந்தன. காயம் பட்டவர் படிக்கும் மருத்துவ நூல் வேறு. நலமாயிருப்பவர் படிக்கும் மருத்துவ நூல் வேறு.

இங்கே மற்றொரு சிக்கல் எழுகிறது. ஏடுகளே தம்முள் முரண்பட்டால்? ஜெர்மனியின் டாரஷ், நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடித்தே ஆள வேண்டும் என்று வலியுறுத்தினார். நிம்சோவிச் 1925இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், தொலைவிலிருந்தே காய்களால் நடுவை அடக்கி ஆளலாம் என்று வாதிட்டார். இருவரும் பேராசான்கள், ஒருவரையொருவர் கடுமையாக மறுத்தவர்கள். கற்போன் எவரைப் பின்பற்றுவான்? மத்ஹபு வேறுபாடுகளிடையே வளர்ந்த நமக்கு இந்நிலை புதிதன்று. தொடக்க மாணவருக்குத் தக்லீதே பொருந்தும். ஓர் ஆசானைப் பற்றிக்கொண்டு அவர் சொன்னபடி ஆடுவதில் இழிவில்லை. காலையில் ஒருவர் சொல்லையும் மாலையில் மற்றொருவர் சொல்லையும் வசதிக்கேற்ப எடுப்பதுதான் இழிவு. தோற்றபின், "நிம்சோவிச் வழியில் ஆடினேன்" என்று பெயரைக் கேடயமாக்குவது அதைவிட இழிவு.

ஆயினும் தக்லீதிலேயே என்றும் தங்கிவிடலாகாது. ஃபிக்ஹின் மூல விதிகளைக் கற்றோர், ஒவ்வொரு சட்டத்திற்கும் அடிப்படையான காரணத்தை 'இல்லத்' என்று தேடுவார்கள். காரணம் உள்ள இடத்தில் சட்டம் உண்டு. காரணம் நீங்கிய இடத்தில் சட்டமும் நீங்கும். குதிரையைப் பலகையின் ஓரத்தில் நிறுத்தாதே என்பது சதுரங்க நூல்களின் விதி. காரணம் என்ன? நடுவில் நிற்கும் குதிரை 8 கட்டங்களுக்குத் தாவ முடியும், ஓரத்தில் பெரும்பாலும் நான்கே, மூலையில் இரண்டே. விதி என்பது இந்த எண்ணிக்கையின் சுருக்கம். இதை அறிந்தவர், எதிரியின் அரசனே அந்த ஓரத்தில் அகப்பட்டு நிற்கும்போது தயங்காமல் குதிரையை ஓரத்திற்கு அனுப்புவார். அறியாதவர் இருவகையில் தவறுவார்: எங்கும் விதியைப் பற்றிக்கொண்டு தோற்பார், அல்லது, பெரியவர்களும் மீறுகிறார்களே என்று எங்கும் மீறித் தோற்பார். விதியை மீறும் உரிமை, அதன் காரணத்தை விளங்கியவருக்கே உண்டு. பலகைக்கு வெளியேயும் இது பொருந்தும் என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இக்காலத்தில் ஏட்டுக்கும் ஒரு போட்டி வந்திருக்கிறது. 1997இல் காஸ்பரோவை ஒரு கணிப்பொறி வென்றது. இன்று சட்டைப்பையில் உள்ள கைபேசியே எந்த மனிதரையும் விஞ்சி ஆடும். எந்த நிலையிலும் சிறந்த நடை இன்னதென்று நொடியில் சொல்லும். மருமகன் நம் தோல்விகளை அதனிடம் காட்டினார். அது நடையைச் சொல்லிற்று, காரணத்தைச் சொல்லவில்லை. ஆதாரம் கூறாமல் தீர்ப்பு மட்டும் வழங்கும் முஃப்தியைப் போன்றது அது. தீர்ப்பு பிழையற்றதாகவே இருக்கலாம். எனினும் அதைக் கேட்டு எழுந்தவர் வந்தபோது இருந்த அறிவோடேயே திரும்புகிறார். கபாபிளாங்காவின் கணிப்பில் இயந்திரம் பிழை காணக்கூடும். ஆனால் அவர் ஏன் அவ்வாறு எண்ணினார் என்று நம்மோடு பேசுகிறார். கற்பித்தல் என்பது அப்பேச்சுதான்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் நம் கற்கும் முறையை மாற்றிக்கொண்டோம். பல நூல்களைத் தேடாமல் ஒன்றையே மீண்டும் படிக்கிறோம். ஆசான்களின் ஆட்டங்களைப் படிக்கும்போது அடுத்த நடையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, நாமே ஒரு நடையைத் தேர்ந்து, பிறகு தாளை நீக்கிப் பார்க்கிறோம். பெரும்பாலும் வெட்கமே மிஞ்சும். ஆயினும் அவ்வெட்கத்தோடு வரும் பாடம் மறப்பதில்லை. தோற்ற ஆட்டங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, எந்த இடத்தில் வழி தவறினோம், அப்போது உள்ளத்தில் இருந்தது அறியாமையா, ஆசையா, அச்சமா, செருக்கா என்றும் பக்கத்தில் குறிக்கிறோம். ஆறு மாதக் குறிப்புகளைப் புரட்டினால் அறியாமையால் தோற்றவை குறைவு. தெரிந்திருந்தும் அவசரத்தால் தோற்றவையே மிகுதி. அறிவு அமலாக மாறும் வழியில் குறுக்கே நிற்பது பெரும்பாலும் அறிவின்மை அன்று, நஃப்ஸ் என்பதை இதைவிடச் சிறிய ஏட்டில் நாம் படித்ததில்லை.

வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தோம். விதியைச் சொல் என்று முதலில் கேட்பதை விட்டோம். "வாசியுங்கள், பிழை வந்தால் வரட்டும், எங்கே வந்தது என்று பிறகு பார்ப்போம்" என்கிறோம். பிழை செய்தவரைப் பார்த்து வகுப்பு சிரித்தால், சிப்பாயை ஓடவிட்ட நம் கதையைச் சொல்கிறோம். அப்போது அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதுவே நியாயம்.

கடைக்கு வேலைக்குச் சென்ற அந்த மாணவருக்கு ஒரு மடல் எழுதினோம். அன்று வகுப்பில் சொன்ன சொல் தவறானது என்றும், மன்னிக்க வேண்டும் என்றும், ஆசிரியர் என்ற தோரணை எதுவும் இல்லாமல் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம், மன்னிப்பது அவருடைய உரிமை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை இப்போது எவரேனும் சொன்னால் நாம் எதிர்வாதம் செய்வதில்லை. அது உண்மைதான். ஆனால் ஏட்டிலிருந்து விதை எடுத்து ஊன்றலாம். நீர் ஊற்றிக் காத்திருக்கலாம். காய்க்கும் நாள் வரை அதனைக் கறி என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பதே கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய நேர்மை. பக்கத்து வீட்டுச் சிறுவன் சென்ற வாரம் அந்நூலை இரவல் வாங்கிச் சென்றிருக்கிறான். இனி நாம் இன்னும் அதிகமாகத் தோற்க வேண்டியிருக்கும். குறிப்பேட்டில் பக்கங்கள் மீதமிருக்கின்றன.